நியூயார்க் தெருவில் ஆவி கிளம்புகிறது, கீழக்கரை வாறுகாலில் ஏன் கிளம்புவதில்லை?

கீழக்கரையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: மகன் வேலைக்காக நியூயார்க் போயிருக்கிறான். அவன் அனுப்பிய வீடியோவில் நடுத்தெருவில் இரும்பு மூடிக்கு அடியிலிருந்து வெள்ளைவெளேரென்று புகை வருகிறது. ஓரிடத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட குழாயை நட்டு அதன் வழியாக மேலே விட்டிருக்கிறார்கள். தரைக்கடியில் ஏதாவது எரிகிறதா? பக்கத்தில் நடந்தால் ஆபத்தா? நம் ஊரில் இத்தனை வாறுகால் இருந்தும் ஒன்றிலும் இப்படி வருவதில்லையே, ஏன்?

எதுவும் எரியவில்லை. அது புகையும் இல்லை, தண்ணீர்தான். ஆனால் கண்ணில் படும் அந்த வெள்ளை, நீராவியும் அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். அடுப்பில் பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உற்றுப் பாருங்கள். வெயிட்டின் வாயை ஒட்டி ஒரு விரற்கடை தூரத்துக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கு மேல்தான் வெள்ளை தொடங்கும். ஒன்றும் தெரியாத அந்த இடைவெளியில் இருப்பதுதான் நீராவி. அதற்கு நிறமில்லை. மேலே வந்து ஆறியதும் பொடிப்பொடித் துளிகளாக மாறி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அதைத்தான் வெள்ளையாகப் பார்க்கிறோம். வெள்ளைப் பகுதியைவிட அதிகமாகக் கையைச் சுடுவது ஒன்றும் தெரியாத அந்த இடைவெளிதான். பாய்லர் வேலை தெரிந்தவர்கள் கசிவைக் கையால் தேடாததும் இதனால்தான். நீளக் கம்பின் நுனியில் துணி சுற்றி முன்னே நீட்டிக்கொண்டுதான் போவார்கள்.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் தெருக்களுக்கு அடியில் நீராவி ஓடும் பெரிய இரும்புக் குழாய்கள் இருக்கின்றன. தண்ணீருக்கும் கரண்டுக்கும் இணைப்பு வாங்குவதுபோல் அங்கே கட்டடங்கள் ஆவிக்கும் இணைப்பு வாங்குகின்றன, மீட்டர் ஓடுகிறது, மாதம் பில் வருகிறது. பேர்ட்ஸில் ஹாலி என்பவர் 1877-இல் அதே நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் என்ற சிற்றூரில் இதைச் செய்து காட்டினார். 1882 மார்ச் 3 அன்று மன்ஹாட்டனில் முதல் கட்டடத்துக்கு ஆவி போனது. எடிசனின் மின்நிலையம் அதே ஊரில் விளக்கேற்றியது அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான். அப்போது ஒவ்வொரு கட்டடத்தின் அடித்தளத்திலும் ஒரு பாய்லர், அதற்குத் தினமும் வண்டி வண்டியாய் நிலக்கரி, திரும்ப அள்ள வண்டி வண்டியாய்ச் சாம்பல், மொட்டைமாடியில் புகைபோக்கி என்றிருந்த நகரம் அது. பாய்லரை ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் வைத்துவிட்டு ஆவியைக் குழாயில் அனுப்பியதில் அந்தத் தொல்லைகள் எல்லாம் கட்டடங்களை விட்டுப் போயின. இன்றைக்குத் தெருவடிக் குழாய்களின் மொத்த நீளம் சுமார் 105 மைல், அதாவது ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரை சாலையோரம் குழாய் போட்டால் எவ்வளவு வருமோ அவ்வளவு. எம்பயர் ஸ்டேட் கட்டடமும் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையமும் இதன் வாடிக்கையாளர்கள்.

வெந்நீரை அனுப்பாமல் ஏன் ஆவியை அனுப்புகிறார்கள் என்று தோன்றலாம். சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுகிறவர்களிடம் கேட்டால் பாதி விடை கிடைக்கும். பதநீர் கொதிநிலைக்கு வருவது சீக்கிரம், அது வற்றிக் கருப்பட்டிப் பதம் வரத்தான் மணிக்கணக்கும் கட்டுக்கட்டாய் விறகும் வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 293 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு கிலோவை முழுக்க ஆவியாக்க மேற்கொண்டு 2,257 கிலோஜூல் வேண்டும். உள்ளே போன அந்த வெப்பம் எங்கும் தொலைவதில்லை. ஆவி மறுபடி தண்ணீராகும் இடத்தில் அத்தனையையும் திருப்பிக் கொடுக்கும். இட்லி அவ்வளவு சீக்கிரம் வேகுவதும் இதனால்தான். மற்ற பாதி விடை உயரம். 381 மீட்டர் உயரக் கட்டடத்துக்குத் தண்ணீரை ஏற்றினால் அடியில் இருக்கும் குழாய் அந்த மொத்த நீர்த்தூணின் பாரத்தையும் தாங்க வேண்டும், ஓயாமல் பம்பும் ஓட வேண்டும். ஆவி தன் அழுத்தத்திலேயே ஏறிவிடும்.

ஆவி குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கும், வெந்நீர் கொடுக்கும். மருத்துவமனையில் கருவிகளைக் கிருமி நீக்கும், சலவைக்கும் உதவும். கோடையில் அதே ஆவியை வைத்துக் குளிர்சாதன இயந்திரத்தையும் ஓட்டுகிறார்கள். வேலை முடிந்து தண்ணீரானதை அங்கே பாய்லருக்குத் திருப்பி அனுப்பக் குழாய் இல்லை. குளிர்ந்த நீர் கலந்து சூட்டைத் தணித்துச் சாக்கடையில் விடுகிறார்கள். சாக்கடைக் காற்று வெதுவெதுப்பாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

இனி வீடியோவுக்கு வருவோம். அந்தக் குழாய்களில் ஓடும் ஆவியின் வெப்பம் 175 டிகிரிக்கும் மேல். குழாயில் எங்காவது இணைப்பு தளர்ந்தோ வால்வின் கழுத்தில் அடைப்பு தேய்ந்தோ ஆவி கசிவதுண்டு. ஆனால் தெருவில் எழும் வெள்ளையில் பெரும்பங்கு அப்படி வருவதில்லை. மழைத் தண்ணீர் மூடி வழியாக இறங்கி, அல்லது பக்கத்தில் போகும் குடிநீர்க் குழாய் கசிந்து, அந்தச் சூடான குழாயின் வெளிப்புறத்தில் படுகிறது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரிதான். வெளித்தண்ணீர் கொதித்து, கிடைத்த சந்து வழியே மேலே வருகிறது. குழாய்க்குள் இருப்பது குழாய்க்குள்ளேயே இருக்கும். அதனால்தான் மழை பெய்த அன்று இந்த வெள்ளை இரட்டிப்பாகத் தெரியும்.

ஆரஞ்சு வெள்ளைக் குழாய் நிரந்தர ஏற்பாடு இல்லை. கசிவையோ தேங்கிய நீரையோ சரிசெய்கிறவரை வைப்பது. வெள்ளைப் படலம் வாகன ஓட்டியின் கண்மட்டத்தில் பரவினால் முன்னால் போகிற ஆள் தெரியாது. ஆள் உயரத்துக்கு மேல் கொண்டுபோய் விட்டால் காற்றில் கலந்து போய்விடும். வேறு சூட்சுமம் அதில் இல்லை.

ஆவிக் குழாயே இல்லாத குளிர்நாட்டு நகரங்களிலும் பனிக்காலக் காலையில் சாக்கடை மூடிகளிலிருந்து ஆவி எழும். இங்கேதான் உங்கள் கீழக்கரைக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். காற்று எவ்வளவு ஈரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் சுமக்கும் என்பது சூட்டைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைச் சுமக்கும். 15 டிகிரியில் 12.8 கிராம், 5 டிகிரியில் 6.8 கிராம், உறைநிலைக்கு 5 டிகிரி கீழே போனால் 3.4 கிராம்தான். சூடு குறையும் வேகத்தைவிடச் சுமக்கும் திறன் குறையும் வேகம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். குளிர்நாட்டுச் சாக்கடைக்குள் 15 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று இருக்கிறது, 12.8 கிராம். வெளியே உறைநிலைக்கு 5 டிகிரி கீழே, ஈரம் 60 சதவீதம் என்றால் 2 கிராம். இரண்டும் பாதிக்குப் பாதி கலந்தால் சூடு 5 டிகிரி, ஈரம் 7.4 கிராம். 5 டிகிரிக் காற்று தாங்குவதோ 6.8 தான். மிஞ்சிய 0.6 கிராமுக்குப் போக்கிடம் இல்லாமல் துளியாகிறது. அதுதான் வெள்ளை.

கீழக்கரைக்கு இதே கணக்கைப் போடுவோம். வாறுகாலுக்குள் 30 டிகிரி, நிறைந்த ஈரம், 30.3 கிராம். வெளியே கடற்காற்று 28 டிகிரி, ஈரம் 75 சதவீதம், அதாவது 20.4 கிராம். கலந்தால் 29 டிகிரியில் 25.4 கிராம். 29 டிகிரிக் காற்று 28.7 கிராம் வரை தாங்கும். இன்னும் மூன்று கிராமுக்கு மேல் இடம் காலியாக இருக்கிறது. துளியாக வேண்டிய அவசியமே வரவில்லை. வாறுகாலிலிருந்து ஆவி நாள் முழுக்க வந்துகொண்டுதான் இருக்கிறது, நாற்றம் வருவதே அதற்குச் சாட்சி. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வெளியே குளிர் இல்லை, அவ்வளவுதான்.

நம் கடற்கரையிலும் இது அடியோடு நடக்காததல்ல. சித்திரை வைகாசி வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் திடீரென ஒரு கோடைமழை அடித்து ஓய்ந்ததும், ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற வழியில் சாலை முழங்கால் உயரத்துக்குப் புகைவதைப் பார்த்திருப்பீர்கள். உச்சிவெயிலில் தார்ப்பரப்பு 60 டிகிரி வரைகூடப் போகும். மழைநீர் மெல்லிய படலமாக அதன்மேல் பரவிச் சூடேறுகிறது. அதை ஒட்டிய காற்று 40 டிகிரியில் நிறைந்த ஈரத்தோடு 51 கிராம் சுமக்கிறது. மேலே மழை குளிர்வித்த காற்று 25 டிகிரி, 90 சதவீத ஈரம் என்றால் ஏறக்குறைய 20.7 கிராம். கலந்தால் 32.5 டிகிரியில் சுமார் 36 கிராம், தாங்குவதோ 34.7. மிச்சம் புகைகிறது. மன்ஹாட்டனில் குழாய் செய்யும் வேலையை இங்கே வெயில் செய்கிறது, தரை ஆறுகிற வரை மட்டும்.

மீன்பிடித் துறைகளில் ஐஸ் கம்பெனிக் கதவு திறந்ததும் ஐஸ் பாரைச் சுற்றிக் கிளம்பும் வெண்புகை இதன் மறுபக்கம். அங்கே ஈரம் ஐஸிலிருந்து வருவதில்லை. நம் கடற்காற்றில் ஏற்கெனவே இருக்கிற ஈரம் ஐஸுக்குப் பக்கத்தில் வந்து குளிர்ந்து துளியாகிறது. குளிர்ந்த காற்று கனமானது, அதனால்தான் அது மேலே எழாமல் தரையோடு வழிகிறது. இதில் ஒரு எச்சரிக்கை அவசியம்: ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்ட அம்மோனியா பயன்படுத்துவதுண்டு. வெண்புகையோடு கண்ணும் மூக்கும் எரிகிற நெடி வந்தால் அது ஈரப்புகை இல்லை, அம்மோனியாக் கசிவு. கசிவை நோக்கிப் போகாமல், காற்றுக்குக் குறுக்காக உடனே விலகிப் போக வேண்டும். நின்று பார்க்கக் கூடாது.

ஆபத்தா என்று கேட்டீர்கள். தெருவில் தெரியும் வெள்ளை பெரும்பாலும் ஆபத்தில்லை, மூடியின் துளையை ஒட்டிக் கால் வைத்தால் மட்டும் சுடும். உண்மையான ஆபத்து வெளியே தெரியாதது: குழாய்க்குள் தேங்கும் தண்ணீர். எவ்வளவு நன்றாகப் போர்த்தியிருந்தாலும் குழாய் கொஞ்சம் சூட்டை இழக்கும், அந்த அளவுக்கு உள்ளே ஆவி தண்ணீராகும். அதை உடனுக்குடன் வெளியேற்ற ஸ்டீம் ட்ராப் என்றொரு கருவியை வைப்பார்கள். வீட்டுத் தொட்டியில் மிதவை வால்வு பார்த்திருப்பீர்கள், தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பி வழியை மூடும். மிதவை வகை ட்ராப்பில் இது தலைகீழ். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பி வழியைத் திறக்கும், தண்ணீர் போனதும் இறங்கி மூடும், ஆவி தப்பாது. இது திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஆவி வீண், செலவு மட்டும்தான். மூடியபடி மாட்டிக்கொண்டால்தான் வினை.

குழாயின் அடியில் தேங்கிய நீர் மெல்ல ஆறுகிறது. மேலே ஆவி வேகமாகப் போகிறது. அந்த வேகத்தில் நீரில் அலை எழும்பி ஓரிடத்தில் குழாயின் கூரையைத் தொட்டுவிட்டால், நடுவில் ஓர் ஆவிப்பொதி சிறைப்படும். சுற்றிலும் ஆறிய நீர் இருப்பதால் அந்தப் பொதி நொடியில் தண்ணீராகச் சுருங்கும். திறந்த வெளியில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 1,670 லிட்டர் ஆவியாகும். அழுத்தமுள்ள குழாய்க்குள் விகிதம் இதில் பத்தில் ஒரு பங்களவுதான், ஆனாலும் சுருங்கும்போது விடும் வெற்றிடம் பெரிது. அதை நிரப்ப இருபுறத்து நீரும் பாய்ந்து சம்மட்டிபோல் மோதும். வாட்டர் ஹாமர் என்பது இதுதான். புழுங்கல் அரிசி மில்லில் காலையில் ஆவி வால்வைத் திறந்ததும் குழாய் 'டங் டங்' என்று அதிர்வதும் இதுவே, சிறிய அளவில். அந்தச் சத்தம் கேட்டால் வால்வை இன்னும் திறப்பது பெரிய தப்பு. மூட வேண்டும், அடியில் இருக்கிற வடிகாலைத் திறந்து தண்ணீர் முழுக்க வடிய விட வேண்டும், பிறகு வால்வை நூலிழை அளவு திறந்து குழாய் முழுதும் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். குழாய் போடும்போதே நூறு அடிக்கு ஓரடி வீதம் ஆவி போகும் திசைக்குச் சரிவு கொடுப்பதும், 30 முதல் 50 மீட்டருக்கு ஒரு வடிகால் வைப்பதும் இதற்காகத்தான். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு குழாயையே மாற்றுகிறார்கள்.

மன்ஹாட்டனில் 1989 ஆகஸ்டில் கிராமர்சி பார்க் அருகே குழாய் வெடித்து 3 பேர் இறந்தார்கள். 2007 ஜூலை 18 மாலை, கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே லெக்சிங்டன் அவென்யூவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 1924-இல் பதித்த 24 அங்குலக் குழாய் அது. கசிவை அடைக்கச் செலுத்திய எபாக்ஸிப் பசை உள்ளே போய் ட்ராப்புகளை அடைத்திருந்தது. அன்று காலை நல்ல மழை. மழைநீர் குழாயின் வெளியே பட்டுக் கொதித்தது. தெருவில் எழுந்த வெள்ளை அவ்வளவும் அந்தக் குழாயிலிருந்து பறித்த வெப்பம். வெளியே எவ்வளவு வெள்ளை கிளம்புகிறதோ அவ்வளவு வேகமாக உள்ளே ஆவி தண்ணீராகிக்கொண்டிருந்தது. வெளியேற வழியில்லை. மாலையில் வாட்டர் ஹாமர் அடித்துக் குழாய் பிளந்தது. சாலையில் பெரும் பள்ளம், கட்டட உயரத்துக்குச் சேறும் கல்லும் கலந்த ஆவித்தூண். ஒருவர் மாரடைப்பில் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். தெருவில் தெரியும் வெள்ளையை வெறும் வேடிக்கை என்று விட்டுவிடாமல், எந்த இடத்தில் திடீரென்று கூடியிருக்கிறது என்று பார்த்துத் தண்ணீரை இறைக்க வேண்டிய காரணம் இதில் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் நீட்சி. இரும்புக் குழாய் 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குப் போனால் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் நீளும். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டி போகும்போது சீரான இடைவெளியில் 'தடக் தடக்' என்று கேட்கிறதே, அங்கே விட்டிருக்கும் இடைவெளி வெயில் தரும் சில டிகிரி வித்தியாசத்துக்கே தேவைப்படுகிறது. ஆவிக் குழாய்க்கு எவ்வளவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் உலோகத் துருத்திகளை நடுநடுவே வைக்கிறார்கள். குளிர்நாட்டில் பனியுருகச் சாலையில் தூவும் உப்பு தண்ணீரோடு இறங்கி இந்தத் துருத்திகளையும் இணைப்புகளையும் அரிக்கும். உப்புக்காற்றில் வண்டிச் சக்கரமும் ஜன்னல் கம்பியும் என்ன ஆகின்றன என்று பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது: ஆவி வரும் மூடியின் மேல் நிற்கவோ, படமெடுக்கக் குனிந்து கையை நீட்டவோ வேண்டாம். ஆரஞ்சுக் குழாயைத் தொட வேண்டாம். அதைச் சுற்றி வைத்திருக்கும் தடுப்பைத் தாண்ட வேண்டாம். மழைநாளில் வெள்ளை கூடுதலாக இருந்தால் சற்று விலகி நடந்தால் போதும். சீறும் சத்தம், தார் உப்பிக் கிளம்புவது, வெள்ளைக்குப் பதில் சேறு கலந்த பழுப்பு ஆவி, இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த இடத்தை விட்டு வேகமாக விலகி 911 என்ற அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். பழைய குழாய்களுக்குப் போர்வையாகக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுற்றியிருக்கிறார்கள், வெடித்தால் அதன் தூசியும் சேர்ந்து பறக்கும். 2018 ஜூலையில் ஃபிஃப்த் அவென்யூவில் குழாய் வெடித்தபோது, சேறோ தூசியோ பட்டவர்கள் உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிவைத்துவிட்டுக் குளிக்கும்படி நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அந்த உடுப்பை உதறக் கூடாது, மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.